மனப் பாரத்துக்கு எட்டு மூலிகை

சீனாவின் ஹாங்சோ நகரத்து மருந்துக் கடையில் யாரும் ‘மனச்சோர்வு’ என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. நெஞ்சு அடைக்கிறது என்கிறார்கள். அந்த ஒரு சொல்லில் ஆறுதலும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது.

ஹாங்சோவின் வூஷான் குன்றின் அடிவாரத்தில் ஹபாங் தெரு எப்போதும் திருவிழாக் கூட்டத்தோடு இருக்கிறது. தேயிலை, விசிறி, பட்டு, சர்க்கரைப் பாகில் ஊதிச் செய்யும் பொம்மைகள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு பக்கத்திலுள்ள டாஜிங் சந்துக்குள் திரும்பினால் சட்டென்று ஒரு மதில் எதிரே நிற்கிறது. கோட்டைச் சுவர் போல உயர்ந்த வெள்ளை மதில். அதில் ஆளைவிடப் பெரிய கறுப்பு எழுத்துக்கள். உள்ளே இருப்பது கோட்டையுமல்ல, கோயிலுமல்ல. மருந்துக் கடை. பெயர் ஹூ சிங் யூ டாங். 1874-இல் ஹூ ஷ்யூயான் என்ற பெரும் வியாபாரி தொடங்கியது. 1988-இலிருந்து தேசியப் பாதுகாப்புச் சின்னம். ஒரு பகுதி இப்போது மருத்துவ அருங்காட்சியகம். ஆனாலும் கடை கடையாகவே நடக்கிறது.

நுழைந்ததும் முதலில் வரவேற்பது வாசனை. நாட்டு மருந்துக் கடை வாசலில் ஒருமுறையாவது நின்ற எவருக்கும் அது அந்நியமாக இருக்காது. காய்ந்த வேர், அதிமதுரம், எங்கோ கொதிக்கும் கஷாயம். சுவர் முழுக்கச் சிறு சிறு மர இழுப்பறைகள், அஞ்சறைப் பெட்டியைப் பல நூறு மடங்கு பெருக்கியதுபோல. மருந்தாளர் சீட்டைப் பார்க்கிறார், இழுப்பறையை இழுக்கிறார், கைத்தராசில் நிறுக்கிறார், விரித்து வைத்த தாளில் கொட்டுகிறார். சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துத் தள்ளுகிறார்கள். ஆனால் கடையின் உண்மையான வேலை மருத்துவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைகளில் நடக்கிறது. அங்கே வரிசையில் இருப்பவர்கள் யாரும் படம் எடுப்பதில்லை.

வருபவர்களின் புகார்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி. தூக்கம் பிடிக்கவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. விலா இரண்டு பக்கமும் இறுக்குகிறது. காரணமில்லாமல் பெருமூச்சு வருகிறது. சிலருக்குத் தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்ட உணர்வு. விழுங்கினால் இறங்காது, காறினால் வராது. சீன மருத்துவத்தில் இதற்குப் ‘பிளம் கொட்டை’ என்றே பெயர். இதற்கான மருந்து, கி.பி. 200-ஐ ஒட்டி வாழ்ந்த ஜாங் ஜோங்ஜிங் என்ற மருத்துவரின் நூலிலேயே இருக்கிறது. மனம் சரியில்லை என்று இவர்களில் அநேகமாக யாரும் தாங்களாகச் சொல்வதில்லை. தமிழில் ‘நெஞ்சை அடைக்குது’, ‘வயித்தைப் பிசையுது’ என்பவர்களும் இதையேதான் சொல்கிறார்கள்.

மருத்துவர் நாக்கைப் பார்க்கிறார். தூக்கம், கனவு, மலம், மாதவிலக்கு என்று கேட்டுக்கொண்டே போகிறார். வீட்டில் யாரோடு சண்டை, வேலையிடத்தில் என்ன தொல்லை என்பதும் பேச்சோடு பேச்சாக வந்துவிடுகிறது. பிறகு மணிக்கட்டில் மூன்று விரல்கள். சித்த வைத்தியரின் மூன்று விரல்கள் வாதம், பித்தம், கபம் தேடுகின்றன. இங்கே ஒவ்வொரு மணிக்கட்டிலும் மூன்று இடங்கள், ஒவ்வோர் இடத்துக்கும் வேறு வேறு உறுப்பு. இப்படிப்பட்ட நோயாளியிடம் மருத்துவர் பெரும்பாலும் எதிர்பார்ப்பது, முறுக்கிக் கட்டிய யாழ்த் தந்தியைத் தொட்டதுபோல விறைத்திருக்கும் நாடியை.

அந்த நாடிக்கு உரிய நோயின் பெயர் ‘யூ’. அடர்ந்து மண்டியது, போக வழியில்லாமல் அடைத்துக்கொண்டது என்று பொருள். பழைய முறையில் இந்த ஒற்றை எழுத்தை எழுத 29 கோடுகள் போட வேண்டும். பார்க்கவே புதர் மண்டியதுபோல இருக்கும். எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு 8 கோடுகளோடு முடிந்துவிடுகிறது. மனச்சோர்வுக்கு இன்றைய சீன மொழி வழங்கும் ‘யீயூஜெங்’ என்ற பெயரிலும் இதே எழுத்துதான் நடுவில் இருக்கிறது. ஹாங்சோவைத் தலைநகராகக் கொண்ட ஜெஜியாங் மாகாணத்துக்கு இந்த எழுத்தில் தனி உரிமை உண்டு. இம்மாகாணத்தின் யீவூ ஊரில் பிறந்த ஜூ டான்ஷி (1281–1358) என்ற மருத்துவர்தான், நோய்களில் பலவும் ஏதோ ஓர் அடைப்பிலிருந்தே பிறக்கின்றன என்று வாதிட்டு, அடைப்பை ஆறு வகையாகப் பிரித்தவர்.

சீன மருத்துவத்தின் கணக்கில் உடலுக்குள் ‘சீ’ என்ற உயிராற்றல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஓட்டத்தைச் சீராக வைத்திருப்பது கல்லீரலின் பொறுப்பு. இது அறுவை மருத்துவர் காணும் கல்லீரல் அல்ல, ஒரு வேலைப் பிரிவின் பெயர் என்று கொள்ளலாம். வெளியில் காட்ட முடியாத கோபம், விழுங்கிய அவமானம், நீண்ட நாள் மனத்தாங்கல் ஆகியவை கல்லீரலின் ஓட்டத்தைக் கட்டிப்போடுகின்றன. கட்டுண்ட கல்லீரல் மண்ணீரலை நெருக்குகிறது. அதனால் பசி போகிறது, சோர்வு வருகிறது. மருமகளோ குமாஸ்தாவோ வாய்விட்டுச் சொல்ல முடியாததை உடல் சொல்வதாக இந்தக் கணக்கைப் படிக்கலாம். உடற்கூறு நூலோடு இது ஒத்துப்போகாது. ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தன் துயரத்துக்கு ஒரு காரணம், ஒரு வரைபடம், ஒரு வழி மூன்றும் ஒரே சமயத்தில் கிடைத்துவிடுகின்றன.

சீட்டில் எழுதப்படுவது பெரும்பாலும் ‘ஷியாவ்யாவ் ஸான்’ என்ற மருந்தின் ஏதாவது ஒரு வடிவம். கவலையற்று உலவும் பொடி என்று மொழிபெயர்க்கலாம். தத்துவ ஞானி ஜுவாங்ஸியின் நூலில் முதல் அத்தியாயத்தின் தலைப்பிலும் இந்தச் சொல் இருக்கிறது. இந்த மருந்துக்கும் ஹாங்சோவுக்கும் உள்ள உறவு பழையது. சீனாவை ஆண்ட சோங் வம்சம், மக்களுக்கு மருந்து விற்க அரசாங்க மருந்துக் கடைகளையே நடத்தியது. அந்தக் கடைகளுக்கான மருந்து முறைகளைத் தொகுத்த நூலில்தான் ஷியாவ்யாவ் ஸான் பதிவாகியிருக்கிறது. வடக்கே ஆட்சியை இழந்த சோங் மன்னர்கள் தெற்கே வந்து தலைநகராக்கிக்கொண்ட ஊர் ஹாங்சோ. நூலின் விரிவான பதிப்பு 1151-இல், அந்தக் காலத்தில்தான் வந்தது. ஹூ சிங் யூ டாங்கும் தன் மருந்துகளுக்கு அந்த நூலையே அடித்தளமாகச் சொல்லிக்கொள்கிறது.

பொட்டலத்தைப் பிரித்தால் எட்டுப் பொருள்கள். சாய்ஹூ என்ற வேர் கல்லீரலின் கட்டை அவிழ்க்க. டாங்குய் வேரும் வெண் பியோனி வேரும் இரத்தத்தைப் பெருக்க. பாய்ஜூ என்ற கிழங்கும் பைன் மர வேரில் விளையும் ஃபூலிங் காளானும் மண்ணீரலைத் தாங்க. எல்லாவற்றையும் இணைத்து வைக்க வறுத்த அதிமதுரம். கூடவே கொஞ்சம் புதினா, ஒரு துண்டு இஞ்சி. கடைசி மூன்றும் தமிழர் சமையலறைக்கும் மருந்துப் பெட்டிக்கும் சொந்தமானவை. வெண் பியோனியும் பாய்ஜூவும் ‘ஜெஜியாங்கின் எட்டுச் சரக்கு’ என்று பெயர் பெற்ற மூலிகைகளில் இரண்டு. மாகாணத்தின் மலைப்பக்கமான பான்ஆனில் இவை பயிராகின்றன.

அந்த எட்டுச் சரக்கில் இன்னொன்று தமிழ் வாசகரை நிறுத்திவைக்கும். பெயர் யூஜின். மன அடைப்பைக் குறிக்கும் அதே ‘யூ’ எழுத்து இதன் பெயரிலும் இருக்கிறது. நெஞ்சிலும் விலாவிலும் அடைத்துக்கொண்டதைக் கரைக்க இதைச் சேர்ப்பார்கள். மாகாணத்தின் தெற்கில், வென்ஜோவை அடுத்த ருயிஆன் பகுதியில் விளைகிறது. அது மஞ்சள் இனத்துச் செடியின் வேர்க்கிழங்கு. வாசலில் குழைத்துப் பூசும் மஞ்சளுக்கு நெருங்கிய உறவு. தூக்கம் வராமல் வருந்துபவருக்குச் சேர்க்கும் மற்றொரு சரக்கு ஹஹுவான் மரப்பட்டை. ‘கூடி மகிழ்தல்’ என்று அந்தப் பெயருக்குப் பொருள். கவலையைப் போக்கும் என்று சீனாவின் மிகப் பழைய மூலிகை நூலே இதைப் போற்றுகிறது. தாவரவியல்படி அது வாகை இனம். தமிழர்கள் வெற்றிக்குச் சூடிய வாகையின் சகோதர மரம், சீனத்தில் சோகத்துக்கு மருந்தாகிக் கொதிக்கிறது.

மனத்தின் நோயைச் சீனர்கள் ஏன் உடலின் மொழியில் சொல்கிறார்கள்? இந்தக் கேள்வியோடு 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவரும் மானுடவியலாளருமான ஆர்தர் க்ளைன்மன், ஹூனான் மாகாணத்தின் சாங்ஷா நகர மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். ‘ஷென்ஜிங் ஷுவாய்ரூவோ’, அதாவது நரம்புத் தளர்ச்சி என்று முத்திரை குத்தப்பட்ட 100 நோயாளிகளைப் பரிசோதித்தார். தலைவலி, தூக்கமின்மை, தலைசுற்றல் என்று வந்தவர்கள் அவர்கள். மேற்கத்திய அளவுகோலில் அவர்களில் 87 பேருக்குக் கடும் மனச்சோர்வு இருந்தது. வேடிக்கை என்னவென்றால், நரம்புத் தளர்ச்சி என்ற நோய்ப் பெயரே அமெரிக்கச் சரக்கு. 1869-இல் ஜார்ஜ் பியர்ட் என்ற நியூயார்க் மருத்துவர் பிரபலப்படுத்தியது. அமெரிக்கா அதை மறந்துவிட்டது, சீனா வைத்துக்கொண்டது. கலாசாரப் புரட்சி (1966–76) முடிந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. மனம் சோர்ந்திருப்பதாகச் சொல்வது அரசியல் அதிருப்தியாகப் படலாம். தலைவலி என்று சொன்னால் வம்பில்லை. க்ளைன்மன் சந்தித்த பலரின் கதையில் அந்தப் பத்தாண்டின் காயங்கள் இருந்தன.

அரசியல் அச்சம் தணிந்த பிறகும் வெட்கம் தணியவில்லை. 2001 முதல் 2005 வரை ஜெஜியாங் உட்பட நான்கு மாகாணங்களில் 63,004 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு, 2009-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியானது. மனநலக் கோளாறு இருப்பதாகக் கண்டறியப்பட்டவர்களில் வாழ்நாளில் ஒருமுறையாவது மனநல நிபுணரைப் பார்த்தவர்கள் 5 சதவீதம் மட்டுமே. குடும்பத்தில் ஒருவர் மனநல மருத்துவமனைக்குப் போனார் என்றால் பெண் கொடுக்க யோசிப்பார்கள். கஷாயப் பொட்டலத்தோடு வீடு திரும்பினால் யாரும் எதுவும் கேட்பதில்லை. பொதுக் காப்பீடும் சீன மருத்துவத்தை ஏற்கிறது. பழைய மருந்துக் கடை இவ்வாறாக, வேறு கதவைத் தட்டத் தயங்குபவர்களுக்குத் திறந்திருக்கும் கதவாகிவிடுகிறது.

இப்போது அந்தக் கதவில் நுழைபவர்கள் முதியவர்கள் மட்டுமல்ல. இணைய வணிகத்தில் உலகப் பெயர் பெற்ற அலிபாபா 1999-இல் பிறந்த ஊர் ஹாங்சோ. காலை 9 முதல் இரவு 9 வரை, வாரம் 6 நாள் என்ற ‘996’ வேலை முறை சீனக் கணினித் துறையின் சாபமாகப் பேசப்படுகிறது. அந்தத் தலைமுறை மூலிகைக்குத் திரும்பியிருக்கிறது. 2023 கோடையில், ஜெஜியாங் மாகாணச் சீன மருத்துவ மருத்துவமனை எழுதித் தந்த புளிப்புப் பிளம் பானத்தின் சீட்டு இணையத்தில் பரவி, அதற்கென்றே இளைஞர்கள் முண்டியடித்தார்கள். அதே ஆண்டு மருத்துவர்கள் தெருவில் மேசை போட்டு நாடி பார்த்த ‘சீன மருத்துவ இரவுச் சந்தை’யிலும் வரிசை நீண்டது. கஷாயம் காய்ச்ச நேரமில்லாதவர்களுக்கு மருத்துவமனையே காய்ச்சிப் பையில் அடைத்துத் தருகிறது. வெந்நீரில் கரைக்கும் குருணையும் உண்டு, மாத்திரையும் உண்டு.

மாத்திரைகளில் இரண்டு சுவாரசியமானவை. ஒன்று, ஹாங்சோவுக்கு அருகிலுள்ள டெசிங்கில் தயாராகும் ‘வூலிங்’. கைவிடப்பட்ட கரையான் புற்றில் முளைக்கும் அரிய காளானைத் தொழிற்சாலையில் நொதிக்க வைத்துச் செய்வது. தூக்கமின்மைக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கிறார்கள். மற்றொன்று 2008-இல் சீன அரசு அனுமதித்த ‘ஷூகான் ஜியேயூ’. லேசான, நடுத்தர மனச்சோர்வுக்கென்றே அனுமதி பெற்ற சீன மருந்து. ஆனால் இதன் முக்கியச் சரக்கு, ஐரோப்பியர்கள் நூற்றாண்டுகளாக மனத்துயருக்குப் பயன்படுத்தும் ‘செயின்ட் ஜான்ஸ் வோர்ட்’ என்ற செடி. பாரம்பரியம் என்பது எல்லை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை.

இதெல்லாம் உண்மையில் குணப்படுத்துகிறதா? கேள்விக்குப் பதில் தேட ஹூ சிங் யூ டாங்கின் உள்கூடமே பொருத்தமான இடம். கடைகளில் பலகைகள் வாடிக்கையாளரைப் பார்த்துத்தான் தொங்கும். இங்கே ஒரு பலகை மட்டும் கடைச் சிப்பந்திகளின் பக்கம் திரும்பியிருக்கிறது. அதில் இரண்டே பெரிய எழுத்துக்கள்: ஏமாற்றாதே. மருந்து உயிர் சம்பந்தப்பட்டது, மட்டமான சரக்கைக் கலந்து லாபம் பார்க்கக்கூடாது என்று கீழே ஸ்தாபகரே 1878-இல் விளக்கம் எழுதியிருக்கிறார். சில மருந்துகள் இரும்பிலும் செம்பிலும் பட்டால் கெடும் என்பதற்காக அவர் செய்வித்த வெள்ளிப் பாத்திரமும் தங்கக் கரண்டியும் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1883-இல் பட்டு வியாபாரத்தில் அவர் திவாலானார், 1885-இல் இறந்தார். சாம்ராஜ்யம் போயிற்று, பலகை மிஞ்சியது.

சரக்கில் ஏமாற்று இல்லை என்பது ஒன்று. வாக்குறுதியில் ஏமாற்று இல்லை என்பது வேறு. ஷியாவ்யாவ் ஸான் குறித்த 26 பரிசோதனைகளைத் திரட்டி 2012-இல் ஓர் ஆய்வு அலசியது. மருந்து உதவுவதாகத்தான் அவற்றில் பெரும்பாலானவை சொல்லின. ஆனால் யாருக்கு எது கொடுக்கப்பட்டது என்பதை மறைத்துச் சோதிக்கும் ஒழுங்கு பலவற்றில் போதாது. அதனால் முடிவை அழுத்திச் சொல்ல முடியவில்லை. அக்குபங்சர் ஊசிகள் பற்றி 64 ஆய்வுகளையும் 7,104 நோயாளிகளையும் கொண்டு காக்ரேன் அமைப்பு 2018-இல் செய்த அலசலும் இதே தொனிதான். வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட்டால் ஓரளவு பலன் தெரிகிறது. போலி ஊசியோடு ஒப்பிட்டால் பலன் சிறுக்கிறது. சான்றுகளின் தரம் குறைவு. பிரிட்டனில் 755 பேரைக் கொண்டு நடந்து 2013-இல் வெளியான ஆய்வில் ஊசி பெற்றவர்களும் ஆலோசகரிடம் பேசியவர்களும் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிடத் தேறினார்கள். ஊசிக்கும் பேச்சுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லை.

அந்தக் கடைசி முடிவு யோசிக்கத்தக்கது. வாரம் ஒருமுறை ஒருவர் அருகில் உட்கார்ந்து, கையைப் பிடித்து, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி என்று விசாரிப்பதே பாதி மருந்தாக இருக்கலாம். லேசான மனச்சோர்வில் இதற்கு இடம் அதிகம். அது பலருக்கு நாளடைவில் தானே தணியும். இந்த நிலையில் ஆங்கில மாத்திரைகளின் பலனும் வெற்று மாத்திரையின் பலனை அதிகம் தாண்டுவதில்லை. பிரிட்டனின் அரசு வழிகாட்டி 2022-இல் கடுமையற்ற மனச்சோர்வுக்கு மாத்திரையை வழக்கமான முதல் சிகிச்சையாகத் தர வேண்டாம் என்றே சொன்னது. பேச்சு சிகிச்சைக்கும் உடற்பயிற்சிக்கும்தான் முன்னுரிமை. ஆக, கஷாயக்காரரைப் பார்த்து ஆங்கில மருத்துவர் ஏளனமாகச் சிரிக்க அதிக நியாயமில்லை.

பயப்பட நியாயம் உண்டு. மூலிகை என்பதாலேயே எதுவும் சாதுவாகிவிடாது. அதிமதுரத்தைத் தொடர்ந்து அதிகமாகச் சாப்பிட்டால் இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு டாங்குய் ஆபத்து. செயின்ட் ஜான்ஸ் வோர்ட், கருத்தடை மாத்திரையின் வலிமையைக் குறைக்கும். மனச்சோர்வு மாத்திரைகளோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். மனத்தை அமைதிப்படுத்தும் சில பழைய மாத்திரைகளில் ஜாதிலிங்கம் சேர்கிறது. அது பாதரசக் கலவை. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் எடை குறைக்கும் மருந்தில் ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக வேறொன்று கலந்து, நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் பாழானது. கைராசியைவிட, சீட்டை எழுதுபவரின் படிப்பும் சரக்கின் சுத்தமும் முக்கியம்.

இந்தியாவுக்கு இந்த மருத்துவத்தின் ஊசிப் பாதி வந்து சேர்ந்த கதை தனி. ஜப்பானியப் படையெடுப்பை எதிர்த்துப் போராடிய சீனாவுக்கு 1938-இல் இந்தியாவிலிருந்து ஐந்து மருத்துவர்கள் போனார்கள். அங்கேயே 1942-இல் உயிர்விட்ட துவாரகாநாத் கோட்னிஸை உலகம் அறியும். உடன் சென்று திரும்பிய வங்காளி, பிஜய் குமார் பாசு. 1950களின் இறுதியில் மீண்டும் சீனா சென்று அக்குபங்சர் கற்றுவந்து கொல்கத்தாவில் சிகிச்சை தொடங்கினார். அவர் நட்ட செடிதான் இந்தியாவில் கிளை விட்டது. மேற்கு வங்கம் 1996-இல் இதற்கென்றே சட்டம் இயற்றியது. 2019-இல் மத்திய அரசும் அக்குபங்சரைத் தனி மருத்துவ முறையாக அங்கீகரித்தது. மனச்சோர்வுக்கு ஊசி குத்தும் இடங்களில் ஒன்று ‘யின்டாங்’. இரு புருவங்களுக்கு நடுவே, பொட்டு வைக்கும் இடம். இன்று சென்னையிலும் கோவையிலும் அக்குபங்சர் பலகைகள் புதிதல்ல. அங்கே போகும் தமிழருக்கும் ஹாங்சோ நோயாளிக்கும் கேள்வி ஒன்றேதான்: இந்த இடத்தில் ஆகாதது இருந்தால் அடுத்த இடத்துக்கு அனுப்புவார்களா?

மருத்துவரின் நேர்மை அங்கேதான் தெரியும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, வேலைக்குப் போக முடியவில்லை, சாவைப் பற்றிய நினைப்பு வருகிறது என்றால் அது லேசான சோர்வல்ல. அப்போது கல்லீரல் கட்டு என்று சொல்லி மூன்று மாதம் கஷாயம் கொடுப்பது, நோயாளியை ஏமாற்றுவது. ஹாங்சோவின் மனநல மருத்துவமனை, நகரின் ஏழாவது மக்கள் மருத்துவமனை. மருந்துக் கடையிலிருந்து அதிக தூரமில்லை. ஆனால் வெட்கம் என்ற தூரம் நடுவில் இருக்கிறது. மணிக்கட்டில் விரல் வைத்து நம்பிக்கை பெற்ற ஒருவர், ‘இது என் பொட்டலத்துக்கு அடங்காது, அங்கேயும் போய்ப் பாருங்கள்’ என்று சொன்னால் அந்தத் தூரம் குறையும். இந்தியாவில் அதே அடுத்த படிக்கு 2022-இல் தொடங்கிய ‘டெலி மானஸ்’ அரசுத் தொலைபேசிச் சேவை இருக்கிறது. 14416-ஐ இந்தியாவின் எந்த மூலையிலிருந்தும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

மாலையில் ஹாங்சோ மேற்கு ஏரிக்கரைக்குக் குடிபெயர்ந்துவிடுகிறது. 2011-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த ஏரி அது. அரளி, அல்லி என்று பெயர் சொல்லி ரசிப்பவர்களும் உண்டு, எதையும் பார்க்காமல் நடப்பவர்களும் உண்டு. கரையில் சிலர் தாய்ச்சி பழகுகிறார்கள், பெண்கள் வரிசை கட்டி ஆடுகிறார்கள், முதியவர்கள் செயற்கைக் கரை வழியே சும்மா உலவுகிறார்கள். சீட்டு எழுதிய பிறகு மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் யோசனையும் இதுதான்: வெளியே போய் நடங்கள், கோபத்தை உள்ளே வைத்துக்கொள்ளாதீர்கள், நேரத்துக்குத் தூங்குங்கள். எட்டு மூலிகைகளின் பலன் பற்றி விஞ்ஞானம் இன்னும் தயங்குகிறது. நடையின் பலன் பற்றி அதற்குத் தயக்கமில்லை. கவலையற்று உலவுதல் என்று மருந்துக்குப் பெயர் வைத்தவர், பொடியோடு சேர்த்து உலவலையும் எழுதித்தான் கொடுத்திருக்கிறார்.